அத்தோவுக்கு எதற்கு இரவல் படம்?

சிறு கடைக்குக் காசு செலவில்லாமல், வம்பும் வராமல் படம் சேர்ப்பது எப்படி?

சடையங்குப்பம் என்ற பெயரை மற்ற சென்னைவாசிகள் பெரும்பாலும் மழைக்காலச் செய்தியில்தான் கேட்டிருப்பார்கள். பூண்டி ஏரியிலிருந்து உபரி நீரைத் திறந்து கொசஸ்தலை ஆறு கரைபுரண்டால், சடையங்குப்பம், பர்மா நகர், இருளர் காலனி என்று மூன்று பெயர்களும் சேர்ந்தே வரும். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த ஊராட்சிகளில் இதுவும் ஒன்று. ஒரு பக்கம் மணலியின் ஆலைகள், இன்னொரு பக்கம் எண்ணூர்க் கழிமுகம். இந்தப் பகுதியின் படத்தை இணையத்தில் தேடினால் புகைபோக்கியும் வெள்ளமும் எண்ணெய்க் கசிவும்தான் முன்னால் வந்து நிற்கும். இங்கே பிழைப்பு நடத்துகிற தள்ளுவண்டியும் கருவாட்டுக் கூடையும் தையல் கடையும் லேத் பட்டறையும் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது.

அப்படி ஒரு கடையை நினைத்துக்கொள்வோம். மாலையானால் திறக்கும் அத்தோ வண்டி. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த பண்டம் அது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கடைக்காரர் வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கலாம் என்று முடிவு செய்கிறார். படம் வேண்டும். கூகுளில் 'நூடுல்ஸ்' என்று தேடி, கறுப்புப் பீங்கான் கிண்ணத்தில் இறாலும் எள்ளும் தூவிய அழகான படம் ஒன்றை இறக்கி ஸ்டேட்டஸில் போடுகிறார். முதல் வாடிக்கையாளர் வந்து தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "இன்னாண்ணா, படத்துல இருக்கிற மாதிரி இல்லியே?"

இந்த ஒரு படத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. படம் வேறு யாருக்கோ சொந்தம். படத்தில் இருக்கும் பண்டம் இவர் கடையிலேயே கிடையாது. இரண்டையும் பைசா செலவில்லாமல் தீர்க்கலாம்.

ஓசி வேறு, உரிமம் வேறு

கூகுள் படங்களை விற்கிற கடை இல்லை. ஊரான் வீட்டுப் படம் எங்கே தொங்குகிறது என்று வழிகாட்டுகிற ஆள், அவ்வளவுதான். அங்கே தெரிகிற ஒவ்வொரு படத்துக்கும் எங்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் படம் எடுத்த கணமே அதன் உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, ஓரத்தில் பெயர் போட வேண்டியதும் இல்லை. எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு இன்னும் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நீடிக்கும்.

"நாம சின்னக் கடைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்று தோன்றும். தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது அச்சட்டத்தின் 63-ஆவது பிரிவு. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்குத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடைக்காரர் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அவர் படம் போடுவதே வியாபாரத்துக்காகத்தான். நடைமுறையில் சிறை வரை போவது அரிது. புகார் வந்து பக்கம் முடக்கப்படுவதும், நஷ்டஈடு கேட்டுக் கடிதம் வருவதும்தான் வழக்கம். சேர்த்துவைத்த வாடிக்கையாளர்களோடு ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம் முடங்கினால் சிறு கடைக்கு அதுவே பெரிய நஷ்டம்.

சட்டத்தில் கடைக்காரருக்குச் சாதகமான செய்தியும் உண்டு. காசு கொடுத்து ஒரு போட்டோகிராபரை வரவழைத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அந்தப் படங்களின் முதல் உரிமையாளர் காசு கொடுத்த நீங்கள்தான். அதே படத்தை நண்பர் ஒருவர் நட்புக்காக எடுத்துக் கொடுத்தால் உரிமை நண்பருக்கே. "கடைக்குப் பயன்படுத்திக்கோ" என்று வாட்ஸப்பில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

முதல் படம் சொந்தப் படம்

விற்கிற பண்டத்தின் படத்தைக் கடைக்காரரே எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது இதுவாக இருக்கட்டும். 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளும் இந்தப் பக்கமே நிற்கின்றன: இணையத்தில் விற்பவரின் விளம்பரம், பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும். இரவல் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தத் தேர்வில் தோற்றுப்போகும்.

கேமரா வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். வெளிச்சம்தான் முக்கியம்.

முதல் வேலை, லென்ஸைத் துடைப்பது. வேடிக்கையாகத் தோன்றலாம். மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தெருப் புழுதியும் சட்டைப்பையின் வியர்வையும் கடையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து லென்ஸில் ஒரு மெல்லிய திரை போட்டிருக்கும். படம் மங்கலாக வருவதற்குப் பல நேரம் போன் பழசானது காரணமாக இருக்காது. இந்தத் திரைதான் காரணம். மெல்லிய பருத்தித் துணியால் ஒரு துடை துடைத்தால் தெளிந்துவிடும்.

அடுத்தது இடம். நேர் வெயிலில் வைத்தால் நிழல் கறுத்து, வெயில் பட்ட இடம் வெளுத்துவிடும். ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்தால் முட்டைக்கோஸ் பச்சைபிடித்துத் தெரியும். காலை பத்து மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போ, வெயில் நேராக விழாத ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போடுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கமும் நல்ல இடம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழட்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மகோல் அட்டையை நிறுத்தினால் அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி இருண்ட பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஸ்டூடியோக்காரர்கள் விலை கொடுத்து வாங்கும் கருவி செய்கிற வேலையைப் பழைய ஃபிரிட்ஜ் பெட்டியில் வந்த தெர்மகோல் செய்துவிடும். அறையில் எரியும் விளக்குகளை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் பிறகு திருத்துவது கடினம்.

பின்னணிக்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சார்ட் பேப்பர் போதும். அதைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து ஸ்டூல் மேல் இறக்கினால் சுவரும் தரையும் சேரும் கோடு மறைந்துவிடும். வெள்ளை ஒன்று, கறுப்பு அல்லது கருநீலம் ஒன்று இருந்தால் எதற்கும் ஆகும். கருவாட்டுக்கு முறமும் பித்தளைத் தட்டும் அழகு. அத்தோவுக்கு நீங்கள் உண்மையில் பரிமாறும் தட்டுதான் வேண்டும். இரவல் வாங்கிய பீங்கான் கிண்ணத்தில் வைத்து எடுத்தால் பழைய கதைக்கே திரும்பிவிடுவோம்.

இனி கோணம். தட்டையான பண்டத்தை நேர் மேலிருந்து எடுக்கலாம். அத்தோ போலக் குவிந்து நிற்பதை, சாப்பிட உட்கார்ந்தவர் பார்க்கும் சாய்ந்த கோணத்தில் எடுத்தால் வாயில் நீர் ஊறும். உணவைத் தட்டில் வைத்த முதல் ஓரிரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். எண்ணெய் மினுமினுப்பும் பொரித்த வெங்காயத்தின் மொறுமொறுப்பும் அதற்கு மேல் தாங்காது. விரலை விரித்துப் பெரிதாக்கி எடுக்க வேண்டாம், போனோடு நீங்களே கிட்டே போங்கள். திரையில் பண்டத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, மேலும் கீழும் நகர்த்தினால் வெளிச்சம் கூடிக் குறையும்.

ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று படம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுப்பொருள் ஒன்று. நெருக்கத்தில் ஒன்று: ஆரி வேலையின் ஜரிகைப் பின்னல், மசாலாத்தூளின் நைசு, லேத்தில் கடைந்த உருப்படியின் விளிம்பு. அளவு தெரிய ஒன்று: கையில் பிடித்தபடியோ, பக்கத்தில் ஸ்கேல் வைத்தோ. லேத் பட்டறைக்கு இந்த மூன்றாவது படம்தான் உயிர். போல்ட்டின் படத்தைப் பார்ப்பவர் முதலில் கேட்பது "எத்தனை எம்எம்?" என்றுதான்.

திருத்தலாம், ஏமாற்றக் கூடாது

திருத்துவதற்கு ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலி போதும். விளம்பரமும் கிடையாது. அதில் நான்கு வேலைகளைத்தான் செய்யுங்கள்: ஓரத்தை வெட்டுவது, கோணலை நிமிர்த்துவது, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுவது, வெள்ளையை வெள்ளையாக்குவது. இதற்கு மேல் நிறத்தை ஏற்றினால் மிளகாய்த்தூள் குங்குமமாகிவிடும். வாங்கியவர் திருப்பிக் கொடுக்க வருவார்.

கணினி இருந்தால் ஃபோட்டோபீ என்ற தளம் உலாவியிலேயே திறந்து, ஃபோட்டோஷாப்பைப் போல வேலை செய்யும். 1990-களிலிருந்தே வளர்ந்து வரும் ஜிம்ப் என்ற கட்டற்ற மென்பொருளை இறக்கிக்கொண்டால் இணையமே தேவையில்லை. லோகோ போன்ற கோட்டு வரைபடங்களுக்கு இங்க்ஸ்கேப் நல்லது. அதில் வரைந்தது விசிட்டிங் கார்டில் இருந்து கடைப் பலகை வரை எந்த அளவுக்கு இழுத்தாலும் பிசிறடிக்காது.

பின்னணியை அகற்ற அடோபி எக்ஸ்பிரஸின் இலவசப் பதிப்பு உதவும். ஆனால் வெள்ளைச் சார்ட் பேப்பரில் ஒழுங்காக எடுத்த படத்துக்கு இந்த வேலையே பெரும்பாலும் மிச்சம். அமேசானில் விற்பவர்கள் மட்டும் முதன்மைப் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும், பொருள் சட்டகத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும் என்ற விதியை நினைவில் வைக்க வேண்டும்.

இரவல் வாங்கத்தான் வேண்டுமென்றால்

பொங்கல் வாழ்த்துக்குக் கரும்பு, மழைக்கால விடுமுறை அறிவிப்புக்குக் குடை, பின்னணிக்கு ஒரு கடற்கரை. இவற்றையெல்லாம் ஒருவர் போய் எடுத்துக்கொண்டிருக்க முடியாது. இங்கேதான் பிறர் மனமுவந்து கொடுத்த படங்கள் கைகொடுக்கும்.

2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு, "என் படத்தை இந்த நிபந்தனையோடு யாரும் எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்வதற்குச் சில ஆயத்த உரிமங்களை எழுதிக் கொடுத்தது. கடைக்காரர் அவற்றை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

சிசி ஜீரோ, அல்லது பொதுக்களம்: என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

சிசி பை: எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் சொன்னால் போதும்.

சிசி பை எஸ்ஏ: பெயர் சொல்வதோடு, அந்தப் படத்தை மாற்றி ஆக்கியதை நீங்களும் அதே உரிமத்தில் விட வேண்டும்.

என்சி என்ற எழுத்துகள் சேர்ந்திருந்தால்: வணிகத்துக்குக் கூடாது. கடைக்காரர் தொட வேண்டாம்.

என்டி என்ற எழுத்துகள் இருந்தால்: உள்ளபடியே பயன்படுத்தலாம், மாற்றம் செய்து வெளியிடக் கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் தலைசுற்றுகிறது என்பவர்கள் நேரே விக்கிமீடியா காமன்ஸுக்குப் போகலாம். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கு அது. 2004-இல் தொடங்கி இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் சேர்ந்திருக்கின்றன. வணிகப் பயன்பாட்டையும் மாற்றங்களையும் அனுமதிக்கும் படங்களை மட்டுமே அங்கே ஏற்றுவார்கள் என்பதால் என்சி, என்டி தொல்லை கிடையாது. 2011-12-இல் தமிழ் விக்கிமீடியர்கள் ஓர் ஊடகப் போட்டியே நடத்தி, தமிழர் வாழ்வு சார்ந்த ஆயிரக்கணக்கான படங்களை அதில் சேர்த்தார்கள். கோலம், கோயில், பலகாரம், வயல் என்று நம்மூர்ப் படம் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. பல கிடங்குகளை ஒரே நேரத்தில் துழாவ ஓபன்வெர்ஸ் என்ற தேடுபொறி உண்டு. கூகுள் படத் தேடலிலும் கருவிகள் என்பதைத் தட்டி, பயன்பாட்டு உரிமை என்ற இடத்தில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் மூலப் பக்கத்துக்குப் போய் உரிமத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பெயர் சொல்வது எப்படி என்று பலருக்குத் தயக்கம். படத்தின் ஓரத்திலோ பதிவின் அடியிலோ 'படம்: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை எஸ்ஏ 4.0' என்று ஒரு வரி எழுதி, படத்தின் சுட்டியைச் சேர்த்தால் முடிந்தது. படத்தில் மாற்றம் செய்திருந்தால் அதையும் ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள்.

அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸபே ஆகிய மூன்றும் வேறு வகை. தங்களுக்கென்று ஓர் உரிமம் வைத்திருக்கிறார்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், பெயர் சொல்வது கட்டாயமில்லை. படத்தை அப்படியே பிரதியெடுத்து விற்கக் கூடாது. தேடல் முடிவின் மேல்வரிசையில் கட்டணப் படங்களின் விளம்பரம் கலந்து வரும், பார்த்துத் தட்டுங்கள். இந்தத் தளங்களில் இன்னொரு குறை உண்டு. 'டெய்லர்' என்று தேடினால் பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டுக் கடைதான் வரும். திருவொற்றியூர்த் தெருவின் தையல் மிஷின் வராது.

அருங்காட்சியகங்களை மறந்துவிடாதீர்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் தன்னிடமுள்ள லட்சக்கணக்கான பொதுக்களப் படைப்புகளின் படங்களைச் சிசி ஜீரோவில் திறந்துவிட்டது. பத்தாம் நூற்றாண்டுச் சோழர்காலப் பார்வதி செப்புத்திருமேனி அங்கே இருக்கிறது. பித்தளைப் பாத்திரக் கடையோ நகைக்கடையோ அதன் துல்லியமான படத்தை ஒரு பைசா கொடுக்காமல், யாரையும் கேட்காமல் விளம்பரத்தில் வைக்கலாம். ரவி வர்மா 1906-இலேயே மறைந்துவிட்டதால் அவருடைய ஓவியங்களும் பொதுக்களத்தில்தான் உள்ளன.

கை வைக்கக் கூடாதவை

ரவி வர்மாவைச் சொன்னதும் சாமி படமெல்லாம் பொதுச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். சிவகாசி நாள்காட்டிகளில் நாம் பார்த்து வளர்ந்த பல தெய்வ ஓவியங்களுக்கு இன்னும் உரிமை காலாவதியாகவில்லை. அந்த மரபின் முன்னோடியான கொண்டையராஜு 1976-இல் மறைந்தார். வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்குப்படி அவர் ஓவியங்களின் உரிமை 2036 முடியும் வரை இருக்கும். முருகன் யாருக்கும் பொது. முருகனை வரைந்த ஓவியருக்கு உரிமை உண்டு.

அடுத்து நடிகர் படம். பன்ச் டயலாக்கோடு ரஜினி படம் போட்டால் வண்டி முன் கூட்டம் சேரும் என்பது உண்மைதான். ஆனால் தன் பெயரையும் பாணியையும் ஓர் இந்திப் படம் பயன்படுத்துகிறது என்று ரஜினிகாந்த் வழக்குத் தொடுத்து, 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தன் பெயர், படம், குரலை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தினால் நடவடிக்கை என்று 2023 ஜனவரியில் பொது அறிவிப்பும் கொடுத்தார். வட இந்தியாவில் ஓர் ஊர் நகைக்கடை, அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் தனிஷ்க்குக்காக நடித்த விளம்பரத்தைத் தன் பலகையில் எடுத்து வைத்தது. தனிஷ்க்கின் உரிமையாளரான டைட்டன் நிறுவனம் வழக்குப் போட்டது. 2012-இல் தில்லி உயர் நீதிமன்றம் டைட்டன் பக்கம் தீர்ப்பளித்தது. உள்ளூர்க் கடை என்பதால் தப்ப முடியவில்லை. வடிவேலு மீமும் இந்தக் கணக்கில்தான் வரும். நண்பர்கள் குழுவில் சிரிக்க அனுப்புவது வேறு, விலைப்பட்டியலுக்கு மேலே அதை ஒட்டுவது வேறு.

பெரிய நிறுவனங்களின் சின்னம், அசோகர் தூணின் சிங்க முத்திரை, பக்கத்துக் கடைக்காரரின் படம், இவையும் வேண்டாம். வாடிக்கையாளர் சாப்பிடும் படம் போட ஆசை என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரைக் கேளுங்கள்.

தாராளமாக அனுமதி உள்ள ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படமெடுத்து வெளியிட நம் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. மே தின வாழ்த்துப் போட விரும்பும் லேத் பட்டறைக்காரர், மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையைத் தன் போனில் எடுத்துப் பயன்படுத்தலாம். அதே சிலையை இன்னொருவர் எடுத்த படத்தை மட்டும் சுடக் கூடாது. சிலை பொதுவில் நிற்கிறது, படம் எடுத்தவருடையது.

எழுத்தும் ஒரு படம்தான்

படம் தயார். அதன்மேல் எழுத வேண்டும். கேன்வாவின் இலவசப் பதிப்பு பெரும்பாலான கடைகளுக்குப் போதும். கிரீடக் குறி போட்ட படங்களும் வார்ப்புருக்களும் காசுக்கு. அவற்றை விட்டுவிட்டுத் தேடுங்கள்.

தமிழ் எழுத்துரு விஷயத்தில் கவனம் தேவை. பழைய டிடிபி சென்டர்களில் பயன்படும் எழுத்துருக்கள் பல ஒருங்குறியில் இல்லாதவை. அவற்றில் தட்டச்சு செய்ததை வேறு செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பிவிடும். கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் ஒருங்குறித் தமிழ் எழுத்துருக்கள் இலவசமாக உள்ளன. வணிகத்துக்கும் தடையில்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் நேர்த்தியானது, விலைப்பட்டியலுக்கு ஏற்றது. பலூ தம்பி கொழுகொழுவென்று தள்ளுவண்டிக்குப் பொருந்தும். கவிவனார் கையெழுத்துச் சாயல். முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை எதற்கும் ஆகும். ஒரு சுவரொட்டிக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம். 'கொ', 'கோ', 'ழு' ஆகியவை உடையாமல் வருகின்றனவா என்று வெளியிடும் முன் ஒரு முறை பாருங்கள்.

என்ன எழுதுவது? வடசென்னையின் சுவர்களில் விளம்பரம் எழுதும் ஓவியர்களைக் கவனித்தால் பாடம் கிடைக்கும். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்ப்பவருக்காக எழுதுகிறவர்கள் அவர்கள். பண்டம், விலை, இடம் என்று மூன்றையே பெரிதாக எழுதுவார்கள். போன் திரையும் ஓடும் பஸ்தான். கட்டைவிரல் நகர்வதற்குள் படித்து முடிக்க வேண்டும். 'அத்தோ, முட்டை பேஜோ. மாலை 5 முதல்.' அதற்குக் கீழே விலை, இடம், போன் எண். அவ்வளவு போதும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா?

சொல்லைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் கருவிகள் பல இன்று ஓரளவுக்கு இலவசம். வாழ்த்து அட்டைக்குப் பின்னணி, ஒரு சின்ன ஓவியம், லோகோவுக்கு முதல் யோசனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். விற்கும் பண்டத்துக்கு வேண்டாம். கருவி வரைந்த அத்தோவை யாரும் பிசையவில்லை, யாரும் சாப்பிடவும் முடியாது. 'படத்துல இருக்கிற மாதிரி இல்லியே' என்ற கேள்வி இன்னும் பலமாகத் திரும்பி வரும். கருவி எழுதும் தமிழ் பல நேரம் தமிழ் போலத் தெரியும், தமிழாக இருக்காது. எழுத்தை மட்டும் நீங்களே போடுங்கள்.

எங்கே, எந்த அளவில்?

வாட்ஸப் பிசினஸ் செயலியின் கேட்டலாக்கில் 500 பொருட்கள் வரை ஏற்றலாம். ஒரு பொருளுக்கு 10 படம் வரை இடமுண்டு. சதுரப் படம் அங்கே அழகாக உட்காரும். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்து படம் சேர்ப்பதும் இலவசம்தான். ஜேபிஜி அல்லது பிஎன்ஜி, 5 எம்பிக்குள், 720க்கு 720 என்ற அளவைப் பரிந்துரைக்கிறார்கள். சடையங்குப்பம் போல வெளியாட்களுக்கு வழி தெரியாத ஊரில், கடையின் முகப்புப் படமும் தெருமுனைப் படமும் பண்டத்தின் படத்துக்கு இணையான வேலை செய்யும். டெலிவரி பையன் போன் போட்டு வழி கேட்கும் தொல்லை குறையும். இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 என்ற நின்ற வடிவம் திரையை நிறைக்கும்.

அசல் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிச் சேமிக்க நினைக்காதீர்கள், சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது. போனில் மட்டும் வைத்திருப்பதும் ஆபத்து, மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் போனும் நனைந்துவிடும். கூகுள் கணக்கோடு கிடைக்கும் 15 ஜிபி இலவச இடத்தில் நல்ல படங்களை மட்டும் தனி ஆல்பமாகப் போட்டு வையுங்கள். இரவல் வாங்கிய படங்களுக்கு இன்னொரு ஆல்பம். ஒவ்வொன்றையும் எங்கிருந்து, எந்த உரிமத்தில் எடுத்தோம் என்று ஒரு வரி குறித்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட உதவும்.

வாங்கியதற்குக் கொஞ்சம் திருப்பி

இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையின் வேலை. சார்ட் பேப்பர், தெர்மகோல், ஸ்டூல், போன். பத்துப் பண்டம் என்றால் முப்பது படம். இரண்டு மாதத்துக்கு ஸ்டேட்டஸுக்குப் பஞ்சம் வராது.

அந்த முப்பதில் ஒன்று மிக நன்றாக வந்திருக்கும். பொரித்த வெங்காயத்தின் மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்து மின்னுகிற ஒன்று. அதை விக்கிமீடியா காமன்ஸில் உங்கள் பெயரிலேயே ஏற்றிவிடுங்கள். படத்தின்மேல் போன் எண்ணோ விளம்பரமோ அடிக்காமல், 'அத்தோ, வடசென்னை' என்று தலைப்பு மட்டும் கொடுங்கள். எங்கோ ஒருவர் அத்தோவைப் பற்றி எழுதும்போது உங்கள் படத்தை எடுத்துக்கொண்டு அடியில் உங்கள் பெயரைப் போடுவார். இந்தப் பகுதியின் பெயரைத் தேடுகிறவருக்குப் புகைபோக்கிக்கும் வெள்ளத்துக்கும் நடுவே ஒரு தட்டு அத்தோவும் கண்ணில் படும். நாளைக்குப் புதிதாக வண்டி போடும் இன்னொருவர் படம் தேடும்போது, கறுப்புக் கிண்ணத்து இறாலுக்குப் பதில் அதுவே அவர் கையில் கிடைக்கலாம். வாழ்த்து அட்டைக்கு அவர் அதை வைத்துக்கொள்ளட்டும். தன் வண்டி அத்தோவை அவரே எடுக்க வேண்டும் என்பதையும் யாராவது சொல்லிவையுங்கள்.